கீரையை விடாதீர்கள், அளவை மாற்றாதீர்கள்

உணவும் உடம்பும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரை விஷயத்தில் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கீரையில் இருக்கும் வைட்டமின் கே-தான் அதற்குக் காரணம் என்றும் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இதய அறுவைசிகிச்சைப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்த்த காலம் முழுக்க நான் கேட்ட அதே கேள்விகள், அதே பயம். அதனால் இந்த இதழ் முழுவதும் வைட்டமின் கே-தான்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து இரண்டு வருடமாகிறது. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது "கீரையைத் தொடவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரை கிடையாது. ரசத்தில் மிதக்கிற கொத்தமல்லியைக்கூடப் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை எண்) ஒரு மாதம் 1.8, அடுத்த மாதம் 4.2 என்று ஏறி இறங்குகிறது. நான் எங்கே தவறுகிறேன்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் தவறவில்லை அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்டதுதான் அரைகுறை.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அவற்றில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கு புரதங்கள் வைட்டமின் கே இல்லாமல் முழுமை பெறாது. கால்சியத்தைப் பற்றிக்கொள்ள அந்தப் புரதங்களுக்கு ஒரு கொக்கி வேண்டும். அதை மாட்டிவிடுவது இந்த வைட்டமின். கொக்கி இல்லாத புரதம் ரத்தத்தில் சும்மா சுற்றி வருமே தவிர, காயம் பட்ட இடத்தில் ஒட்டி வேலை செய்யாது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு வீணாக்குவதும் இல்லை. அதைப் புதுப்பித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் தடுப்பது அந்தப் புதுப்பித்தலைத்தான்.

புதுப்பிக்கிற வழி அடைபட்டுவிட்டால், அன்றாடம் சாப்பாட்டில் என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் கணவருக்கு எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் முடிவு செய்வது, அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்கிற ஐ.என்.ஆர். எண்ணை வைத்து. சாப்பாடு ஒரே சீராக இருந்தால் மாத்திரையும் ஒரே சீராக வேலை செய்யும்.

கீரையை அடியோடு நிறுத்தியவர்களின் உடம்பில் வைட்டமின் கே கையிருப்பு அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் சின்ன மாற்றம்கூடப் பெரிதாகத் தெரியும். கல்யாண வீட்டில் கீரைக்கூட்டும் புதினா சாதமும் ஒரு வேளை சாப்பிட்டால் எண் சரியும். காய்ச்சலில் படுத்து இரண்டு நாள் வெறும் கஞ்சி குடித்தால் எண் எகிறும். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில், காரணம் தெரியாமல் ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டிருந்த வார்ஃபரின் நோயாளிகளுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தார்கள். நிறையப் பேருக்கு எண் முன்பைவிட நிலைப்பட்டது. 2007-ல் அந்த முடிவு வெளிவந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே அந்த அளவுக்குப் பலன் காட்டவில்லை. அதனால் கடையில் வைட்டமின் கே மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் கொஞ்சம் கே தினமும் உள்ளே போவது இந்த நோயாளிகளுக்கு எதிரி இல்லை என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

இப்போது என்ன செய்யலாம்? முதலில் உங்கள் டாக்டரிடம் "கீரையை மறுபடி ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது, மாத்திரை அளவைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அவர் சரி என்றதும், சமைத்த கீரை ஒரு சிறு கிண்ணம், வாரத்தில் மூன்று நாள், எந்தெந்த நாள் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். அதே கிண்ணம், அதே நாட்கள். ஒரு வாரம் பத்து நாளில் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். ரசத்துக் கொத்தமல்லியைப் பொறுக்க வேண்டாம். தாளித்த கறிவேப்பிலையையும் எடுக்க வேண்டாம். அந்த அளவு எதையும் புரட்டிப் போடாது. கொத்தமல்லித் துவையல், புதினாத் துவையல் என்று கட்டுக்கட்டாக அரைத்தால் மட்டும் அதைக் கீரைக் கணக்கில் சேருங்கள்.

வால்வு வைத்தவர்களிடம் ஒரு நோட்டு இருக்கும். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று மூன்று கட்டம் போட்டு, சோதனைக்கு வரும்போது பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவருவார்கள். நான் நாலாவதாக ஒரு கட்டம் போடச் சொல்வேன்: "இந்த வாரம் வழக்கத்துக்கு மாறாக என்ன சாப்பிட்டீர்கள்?" ஒரு பெரியவரின் நோட்டில் சில சோதனைகள் மட்டும் காரணமில்லாமல் தாழ்ந்திருந்தன. நாலாவது கட்டத்தை நிரப்ப ஆரம்பித்ததும் விஷயம் வெளியே வந்தது. அவர் ஏகாதசி விரதக்காரர். முதல் நாள் பட்டினி, மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய். மற்ற நாட்களில் கீரையே தொடமாட்டார். விரதத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. பாரணையில் அகத்திக்கீரை ஒரு கரண்டி போதும், வாரத்தின் மற்ற நாட்களிலும் அதே அளவு ஏதாவதொரு கீரை இருக்கட்டும் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தோம். எண் மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. ஆடி மாதமும் அப்படித்தான். அம்மன் கோவில் கூழோடு முருங்கைக்கீரைப் பொரியல் தொன்னை தொன்னையாகக் கிடைக்கும். சாப்பிடுங்கள், ஆனால் வழக்கமான அளவுக்கு மேல் வேண்டாம்.

கீரையைப் பற்றியே பேசிப் பேசி இன்னொன்றை விட்டுவிடுகிறோம். எண் 4.2-க்கு ஏறினால் நான் முதலில் கேட்பது மாத்திரைகளைத்தான். பல்வலிக்கு, வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எடுத்தாரா? பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல்? இவை அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிராகக் குறைக்கும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை, எண்ணை மாற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சூரணம், லேகியம் வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதல் வாக்கியமே "நான் அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்று இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு எந்த எண் இலக்கு என்பதை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். வால்வின் வகையையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்துப் பெரும்பாலும் 2-லிருந்து 3.5-க்குள் இருக்கும். அதற்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலே போனால் ரத்தப்போக்கு. கறுப்பாக மலம், சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்குக் கசிவு, திடீரென்று கடுமையான தலைவலி, தலையில் அடி... இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போனவர்கள் நம் பக்கத்தில் நிறைய. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட விலை மிகக் குறைவு என்பதால் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. அவர்கள் எல்லோருக்கும் இந்த மாத்திரை ஆயுள் முழுக்க. அவர்களில் இளம்பெண்களும் உண்டு. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும், இந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தைக்கும் போகும். இத்தனை கவலைகளோடு வாழ்கிறவர்களிடமிருந்து கீரையையும் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. இரும்பு, ஃபோலேட், நார்ச்சத்து எல்லாம் அதோடு சேர்ந்து போகிறது.

கேள்வி: எந்தக் காய்கறியில் எவ்வளவு வைட்டமின் கே? ஒரு பட்டியல் கொடுத்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்வேன். எண்ணெயிலும் இருக்கிறதாமே?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பட்டியல் கொடுத்தால் அதில் சிவப்பு மை அடித்து ஒதுக்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. ஒரு பருமட்டான கணக்கு சொல்கிறேன். 100 கிராமுக்கு, ஸ்பினாச் என்ற கீரையில் 480 மைக்ரோகிராம் போல இருக்கும். கொத்தமல்லித் தழையில் 310. முட்டைக்கோஸில் 76. பீன்ஸில் 40-க்குக் கொஞ்சம் மேல். தக்காளியில் 8. உருளைக்கிழங்கில் 2. வாழைப்பழத்தில் ஒன்றுகூட இல்லை. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஸ்பினாச்சின் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை. பொதுவாக, இலை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு கே. முட்டைக்கோஸிலேயே வெளி இலையில் இருப்பது உள்ளே வெளுத்த இலையில் இருக்காது.

நமக்கு ஒரு நாளைக்குத் தேவை எவ்வளவு? இந்தியக் கணக்கில் பெரியவர்களுக்கு 55 மைக்ரோகிராம். அமெரிக்காவில் பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 என்று வைத்திருக்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு கரண்டி கீரை மசியலில் முடிந்துவிடும். இலையில் இருக்கும் கே முழுவதும் உடம்பில் சேராது, ஒரு பகுதிதான் சேரும். கொழுப்பில் கரைகிற வைட்டமின் என்பதால் தாளிக்கிற எண்ணெயோ, கீரைக்கூட்டில் போடுகிற தேங்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். வேகவைப்பதால் பெரிதாக அழியாது.

எண்ணெயைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உங்கள் ஊர்த் தேங்காய் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் கே கிட்டத்தட்ட இல்லை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் கொஞ்சம். சோயா எண்ணெயில் 100 கிராமுக்கு 180 மைக்ரோகிராம் வரை. அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் ஆஃபரில் கிடைத்ததென்று திடீரென சோயா எண்ணெய்க்கு மாறினால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை பிறந்தவுடன் தொடையில் வைட்டமின் கே ஊசி போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு மருமகன் பிடிவாதமாக இருக்கிறார். தாய்ப்பாலில் இல்லாத சத்தா? மகள் தினமும் கீரை சாப்பிடுகிறாள். எங்கள் காலத்தில் எந்த ஊசியும் இல்லையே?
(வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மா, இந்தப் பதிலை மட்டும் மருமகனை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. அதைக் குறைத்துப் பேசுகிற ஆள் நானில்லை. ஆனால் தாய்ப்பாலில் வைட்டமின் கே மிக மிகக் குறைவு, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். தாய் கீரை சாப்பிடுவதால் அந்த அளவு போதுமான உயரத்துக்கு வருவதில்லை. கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகவும் இந்த வைட்டமின் சரியாகக் கடந்து வருவதில்லை. பெரியவர்களுக்குக் குடல் கிருமிகள் கொஞ்சம் கே தயாரித்துக் கொடுக்கும். பிறந்த குழந்தையின் குடலில் அந்தக் கிருமிகள் இன்னும் குடியேறவில்லை. கல்லீரலும் முழுத்திறனுக்கு வரவில்லை. இப்படி எல்லாப் பக்கமும் குறைவான வைட்டமின் கே-யோடுதான் ஒவ்வொரு குழந்தையும், கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையும், பிறக்கிறது.

இதனால் வருகிற ரத்தப்போக்கு மூன்று வேளைகளில் வரலாம். முதல் நாளிலேயே வருவது ஒன்று. தாய் வலிப்புக்கு ஃபெனிடோயின் போன்ற மாத்திரையோ, காசநோய் மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். முதல் வாரத்துக்குள் தொப்புளில், மலத்தில் கசிவது இரண்டாவது. மூன்றாவதுதான் கொடுமையானது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து, பெயர் வைத்து, தொட்டிலில் போட்ட பிறகு, இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வரும். பெரும்பாலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற, ஊசி போடாத குழந்தைகளுக்கு. ஊசி இல்லாவிட்டால் ஒரு லட்சம் குழந்தைகளில் 4-லிருந்து 7 பேருக்கு இது வரும் என்பது பழைய கணக்கு. எண் சிறியது என்று தோன்றும். ஆனால் அப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்கு ரத்தம் கசிவது மூளைக்குள். பிழைத்தாலும் பலருக்கு வலிப்பு, வளர்ச்சிக் குறை என்று பாதிப்பு நிலைத்துவிடும். முன்கூட்டி மூக்கிலோ தொப்புளிலோ ஒரு துளி ரத்தம், உடம்பில் ஒரு சின்ன நீலத் தடம் என்று எச்சரிக்கை சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது.

"எங்கள் காலத்தில் இல்லையே" என்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு மாதத்தில் "திடீரென்று ஜன்னி கண்டு" போன குழந்தைகளைப் பற்றி எல்லாக் குடும்பத்துப் பாட்டிகளும் சொல்வார்கள். அவற்றில் எத்தனை இதுவோ, யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1961-லேயே எல்லாக் குழந்தைக்கும் இந்த ஊசி வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது: பிறந்த குழந்தைக்கு 1 மில்லிகிராம், ஒரு கிலோவுக்குக் கீழ் எடையிருந்தால் அரை மில்லிகிராம், தொடைத் தசையில், ஒரே முறை. அரசு மருத்துவமனையிலும் போடுகிறார்கள். இது தடுப்பூசி இல்லை. கிருமி எதுவும் இதில் இல்லை. கீரையில் இருக்கிற அதே வைட்டமின்தான்.

வீடியோக்காரர்கள் புற்றுநோய் என்று பயமுறுத்துவார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. 1992-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு ஆய்வு, இந்த ஊசிக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்குமோ என்று சந்தேகம் கிளப்பியது. உடனே பல நாடுகளில் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. சந்தேகம் செத்துவிட்டது, அதன் நிழல் மட்டும் இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. 2013-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் சில மாதங்களுக்குள் நான்கு குழந்தைகள் இந்த ரத்தப்போக்கோடு வந்தார்கள். நான்கு குழந்தைகளுக்குமே ஊசி போடப்படவில்லை, பெற்றோர் வேண்டாம் என்றிருந்தார்கள். நான்கில் மூன்று குழந்தைகளுக்கு மூளையில் கசிவு. உங்கள் மருமகனும் நல்ல மனிதர், பிள்ளைக்கு நல்லது நினைத்துத்தான் மறுக்கிறார் என்று எனக்குத் தெரியும். நாஷ்வில் பெற்றோரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

ஊசி போடும்போது குழந்தை அழும். மார்பில் அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள், வலி குறையும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வைட்டமின் கே போடப்பட்டது" என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் வாசலைத் தாண்டும் முன்பே கேளுங்கள். மகள் வலிப்பு மாத்திரையோ காசநோய் மாத்திரையோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவர் என்றால் அதைப் பிரசவ டாக்டருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வைட்டமின் கே-யைக் கண்டுபிடித்தது யார்? பள்ளியில் ஏ, பி, சி, டி, ஈ வரைதான் படித்தோம்.
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: கோழிக்குஞ்சு ஒரு பக்கம், மாடு இன்னொரு பக்கம் என்று இரண்டு வழியாக வந்த கதை இது, எனக்கு மிகவும் பிடித்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் 1929 வாக்கில், கொழுப்பை நீக்கிய தீவனத்தைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துக் கொலஸ்ட்ரால் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தம் உறைய நேரமானது. கொலஸ்ட்ராலைத் திருப்பிச் சேர்த்தார், நிற்கவில்லை. வைட்டமின் சி கொடுத்தார், அதிலும் நிற்கவில்லை. பச்சை இலையும் பன்றிக் கல்லீரலும் கொடுத்தபோது நின்றது. இதுவரை தெரியாத ஒரு வைட்டமின் என்று முடிவு செய்து 1935-ல் அதற்குக் கே என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்ஸி அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டுபிடித்தார். அதில் கே1 என்ற வகை கிடைத்தது உங்கள் கொங்குப் பக்கம் மாட்டுக்குப் பயிரிடுகிற குதிரைமசாலிலிருந்து. கே2 என்ற வகை கிடைத்தது அழுகிய மீன்தூளிலிருந்து. 1943-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும்.

மாட்டுக் கதை அதற்கும் முன்பே தொடங்கியது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு நீக்கினால் சாவு, காயடித்தால் சாவு. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப்புல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதுதான் காரணம் என்று ஃப்ராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். புல்லில் என்ன விஷம் என்று தெரியவில்லை. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டியோட்டி விஸ்கான்சினின் மேடிசன் நகரத்துக்கு வந்தார். செத்த கன்று ஒன்று, கெட்ட புல் ஒரு மூட்டை, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம் என்று கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் கொண்டுவந்து இறக்கினார். லிங்க்கின் குழு 1939-ல் அந்த விஷத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். தஞ்சாவூர் வாசகியின் கணவர் சாப்பிடும் அசிட்ரோமும் அந்த வம்சம்தான். அந்த விவசாயி புயலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால் இந்த மருந்து எப்போது வந்திருக்குமோ.

கேள்வி: வயது 63. எலும்புத் தேய்மானம். கால்சியம், டி3-யோடு கே2 சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கே2 இருந்தால் கால்சியம் ரத்தக்குழாயில் படியாமல் எலும்புக்கே போய்விடும் என்கிறார்கள். சாதா கால்சியம் மாத்திரையைவிட விலை அதிகம். அவசியமா?
(வாசகி, சென்னை)

பதில்: எலும்பிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் வைட்டமின் கே-யை நம்பி வேலை செய்யும் புரதங்கள் இருப்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து மாத்திரை விளம்பரம் வரை போகிற வழியில்தான் இடைவெளி இருக்கிறது. டென்மார்க்கில் இதய வால்வில் கால்சியம் படிந்த 365 ஆண்களுக்கு இரண்டு வருடம் கே2-வும் டி-யும் கொடுத்தும், கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். 2022-ல் வந்த முடிவு: படிவது குறையவில்லை. கனடாவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கே1-ஐ அதிக அளவில் கொடுத்த ஆய்விலும் எலும்பு அடர்த்தி கூடவில்லை. ஜப்பானில் கே2-வின் ஒரு வகையை எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகவே தருகிறார்கள், ஆனால் அது நாளைக்கு 45 மில்லிகிராம். உங்கள் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கே2 எவ்வளவு என்று மைக்ரோகிராமில்தான் இருக்கும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம் வரலாம்.

என் அபிப்பிராயம்: கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை. அந்தக் கூடுதல் பணத்துக்குப் பாலும் பயறும் முட்டையும் வாங்குங்கள். தினமும் நடங்கள், குளியலறையில் வழுக்காத பாய் போடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான முதன்மை மருந்து வேறு, அது உங்களுக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கே2 உள்ள மாத்திரையை டாக்டருக்குத் தெரியாமல் தொடக்கூடாது. கால்சியம் மாத்திரைதானே என்று வீட்டில் ஒருவருக்கு வாங்கியதை இன்னொருவர் போட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிறுநீரகக் கோளாறு. ரிப்போர்ட்டில் "கே" அதிகம் என்று இருக்கிறது. வைட்டமின் கே உள்ள உணவுகளை நிறுத்திவிட்டோம். சரியா?
(வாசகர், சேலம்)

பதில்: ரிப்போர்ட்டில் இருப்பது பொட்டாசியம். வேதியியலில் அதன் குறியீடும் அதே எழுத்து. வைட்டமின் கே-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் குழப்பத்தில் ஆபத்து இருக்கிறது. நீங்கள் கீரையை நிறுத்திவிட்டு, பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் கொடுத்துக்கொண்டிருக்கலாம். உடனே அவற்றை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பொட்டாசியம் மிகவும் ஏறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். பொட்டாசியத்துக்காகக் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கச் சொல்வார்கள். அது தண்ணீரோடு போய்விடும், வைட்டமின் கே போகாது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. கையில் லேசாக இடித்தாலே கருநீலமாகக் கன்றிப்போகிறது. வைட்டமின் கே குறைவா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் இல்லை. வயதில் தோல் மெலிந்து அடியிலிருக்கும் சிறு குழாய்கள் பாதுகாப்பிழப்பதுதான் வழக்கமான காரணம். ஆஸ்பிரின், ஸ்டீராய்டு சாப்பிட்டால் இன்னும் அதிகம். வைட்டமின் ஈ மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டாலும் அது கே-யின் வேலையில் குறுக்கிடும். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் பாருங்கள். உண்மையான கே குறைபாடு, பித்தநாளம் அடைத்த மஞ்சள் காமாலையில், கல்லீரல் நோயில், நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கோடு சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவர்களிடம் வரும். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு சேராது, கொழுப்போடு வரவேண்டிய கே-யும் சேராது. ஈறிலும் மூக்கிலும் சேர்ந்து ரத்தம் கசிந்தால் தட்டணுக்களும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. சோதனையும் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: எலிக்கு வைத்த நீல நிறக் கேக்கை மூன்று வயதுப் பேரன் கடித்துவிட்டான். வாயைக் கழுவிவிட்டோம். நன்றாக விளையாடுகிறான். இந்த விஷத்துக்கு வைட்டமின் கே கொடுத்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கீரை கொடுக்கலாமா?
(வாசகி, திருவண்ணாமலை)

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன், குழந்தை டாக்டரைப் பார்த்துவிட்டான். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேக் வடிவ எலி மருந்துகளில் பல, வார்ஃபரின் வம்சத்தின் வீரியம் கூடியவை. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைதல் புரதங்கள் தீர இரண்டு மூன்று நாளாகும், அதற்குப் பிறகுதான் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். விளையாடுகிறான் என்பது சமாதானம் ஆகாது. முதல் நாளும், பிறகு டாக்டர் சொல்லும் நாட்களிலும் பி.டி., ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கே1-ஐ மருந்தளவில், சில சமயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொடுப்பார்கள். கீரையால் அந்த அளவை எட்ட முடியாது.

எல்லா எலி மருந்தும் இந்த வகை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பசை வடிவில் வருகிற மஞ்சள் பாஸ்பரஸ் மருந்து கல்லீரலையே அழிக்கும். அதற்கு வைட்டமின் கே முறிவு ஆகாது. எது என்று வீட்டிலிருந்து ஊகிக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதிக் கேக்கையோ டியூபையோ அட்டைப்பெட்டியோடு கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரை வைத்துத்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வார்.